கொழும்பு பார்க்காமல் திரும்பிய கூட்டம்

…பின்னே சிரிக்காமல் என்ன செய்வது, முத்துப்பேச்சி? மேலத்தெருக்காரி சிலோனுக்குப் போய் வந்தாள் அல்லவா, நேற்று வாய்க்காலில் பிடித்துக்கொண்டேன். பார்த்த இடத்தையெல்லாம் வரிசையாக ஒப்பிக்கிறாள். கொழும்பு எப்படியடி என்றேன். "ஒரே கூட்டம் மயிலக்கா" என்றாள். கடல் எப்படி என்றேன். "ஒரே காத்து" என்றாள். சரி, கண்டியாவது எப்படி என்றால், "அங்கனதான என் தூக்குச்சட்டி தொலஞ்சுச்சு" என்கிறாள். பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரு நாளைக்கு ஐந்து இடம் காட்டினால் யாருக்குத்தான் என்ன நினைவிருக்கும்? கூட்டிப் போனவரைச் சொல்ல வேண்டும்.

உட்கார். அடுத்த மாதம் நீ முதல்முதலாகக் கூட்டம் சேர்த்துக்கொண்டு கிளம்பப் போகிறாய் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, அவ்வளவு சந்தோஷம். எந்த ரயில், எங்கே தண்ணீர் நல்லது, தனுஷ்கோடியில் கப்பலேறும்போது யாரை முன்னால் விடுவது, வாந்தி வந்தால் எதை முகரக் கொடுப்பது, இதெல்லாம் என்னோடு வந்தபோதே நீ பார்த்துக் கற்றுக்கொண்டவள்தான். ஒன்றுதான் நான் உனக்குச் சொல்லாமல் விட்டது. எதைக் காட்டுவது, எதை விடுவது.

நம்மை நம்பி வருகிறவர்களில் பாதிப்பேர் கம்பம் சந்தையைத் தாண்டாதவர்கள். ஆயுசில் ஒரே ஒரு தடவை வெளியே வருகிறார்கள். அந்த ஒரு தடவையை எதில் கொண்டுபோய் வைப்பது என்று முடிவு செய்வதுதான் நம் வேலை. மூட்டை தூக்குவதும் டிக்கெட்டு எடுப்பதும் யாரும் செய்வார்கள்.

யுத்தத்துக்கு முந்தி ஒரு தடவை கதிர்காமத்துக்குப் போனோம். எல்லாரும் நம் காமயகவுண்டன்பட்டிப் பெண்கள்தான். அதில் பெருமாயி என்று ஒருத்தி. நீ வாக்கப்பட்டு வருவதற்குள் அவர்கள் குடும்பத்தோடு ஊருக்கு வெளியே தங்கள் தோட்டத்துக்கே குடிபோய்விட்டார்கள். நல்ல விவசாயக் குடும்பம், கை தாராளம், வாய் அதைவிடத் தாராளம். அவள் புருஷனுடைய தங்கை ராக்கம்மாவும் வந்திருந்தாள். உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்தவள். பெருமாயி பேசுவதில் நூறில் ஒரு பங்கு ராக்கம்மா பேசினால் அதிசயம்.

போகிற வழியில் மலைக்காட்டில் ஒரு அருவி இருக்கிறது, வெள்ளைக்காரர்களெல்லாம் அதைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று ஒரு வண்டிக்காரன் ஆசை காட்டிவிட்டான். எனக்கு மனமில்லை. ஆனால் பெருமாயி விடவில்லை. அரை நாள் மாட்டு வண்டியில் குலுங்கிக் குலுங்கிப் போய் இறங்கினோம். பெருமாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு மேலேயும் கீழேயும் பார்த்தாள்.

"ஏ மயிலு, இதுக்கா வந்தோம்? நம்ம சுருளித் தண்ணி விழுகிற சத்தத்துல பாதி கூட இல்லையே!"

"நீதான வரணும்னு நின்ன?"

"நீ வேணாம்னு சொல்லணும்ல? வெவரமானவன்னு நம்பித்தான உன் பின்னால வந்தோம்?"

அன்றைக்கே அதை மனதில் முடிந்துகொண்டேன். வீட்டு வாசலில் இருப்பதைப் பார்க்கக் கடல் தாண்டக் கூடாது. நம் ஊர்க்காரர்களுக்கு அருவியும் வேண்டாம், அணையும் வேண்டாம், தேயிலைக் காடும் வேண்டாம். அதெல்லாம் நம் மலையிலேயே கிடக்கிறது. ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் வந்தால் அருவியைக் காட்டு. அவர்கள் வாய் பிளந்து பார்ப்பார்கள். ஆள் பார்த்துத்தான் இடம்.

கதிர்காமம் வேறு மாதிரி. அங்கே சாமியைப் பார்க்க முடியாது, தெரியுமா? சன்னிதியில் திரை போட்டிருக்கும். திரையில் முருகனும் வள்ளியும் தெய்வானையும் எழுதியிருக்கும். அந்தத் திரைக்குத்தான் கற்பூரம், திரைக்குத்தான் கும்பிடு. திறக்கவே மாட்டார்கள். பெருமாயி என் காதில் வந்து, "இம்புட்டுத் தொலவு வந்தது துணியப் பாக்கவா?" என்றாள். சொல்லி வாய் மூடவில்லை, மணி அடித்தார்கள். என்ன ஆனதோ, பொலபொலவென்று அழுதுவிட்டாள். வெளியே வந்து வெகுநேரம் பேசவில்லை. பெருமாயி பேசாமலிருந்தாள் என்றால் நீயே பார்த்துக்கொள். ஆக, கண்ணுக்குத் தெரிவதை வைத்து மட்டும் ஒரு இடத்தை எடை போட்டுவிடாதே.

சாமி கும்பிட்டு முடித்து, திரும்புகிற வழியில் கண்டிக்கு வந்தோம். அங்கே புத்தருடைய பல்லை வைத்திருக்கும் கோயிலைக் காட்டினேன். பல்லையும் காட்ட மாட்டார்கள். தங்கப் பெட்டி ஒன்றைத்தான் தூரத்திலிருந்து பார்க்கலாம். வெளியே வந்ததும் பெருமாயி பிடித்துக்கொண்டாள்.

"கதிர்காமத்துல தெரை. இங்கன பெட்டி. இந்தத் தேசத்துல எதைத்தான் தொறந்து காட்டுவாக?"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். "கொழும்புல எல்லாம் தொறந்துதான் கெடக்கும், கப்பல், டிராம் வண்டி, கடைவீதி" என்று நான் சொல்லிவைத்தேன். அதற்குத்தான் ஒரு நாளை மிச்சம் பிடித்து வைத்திருந்தேன். மத்தியானம் கொழும்பு ரயில். மறுநாள் முழுக்க கொழும்பு. அதற்கடுத்து தலைமன்னாருக்குப் போய்க் கப்பல். நாள் தப்பினால் கையிலிருந்த சத்துமாவும் தீர்ந்துவிடும், திரும்பும் டிக்கெட்டும் போய்விடும்.

ரயிலுக்கு நேரமிருந்தது. கடைவீதியில் நடந்துகொண்டிருந்தோம். ஒரு ஜவுளிக்கடைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"என்னக்கா, கம்பம் பக்கமா? பேச்சக் கேட்டதும் எந்திரிச்சுட்டேன்!"

உத்தமபாளையத்து ராவுத்தர் ஒருத்தர். கண்டியில் கடை வைத்து வெகுகாலம் ஆனவர். பாய் விரித்து உட்கார வைத்து, எல்லாருக்கும் தேத்தண்ணி வரவழைத்தார். ஊரில் மழை உண்டா, பெரியாற்றுத் தண்ணீர் வந்துவிட்டதா, நெல் என்ன நிலைமை என்று கேட்டுக் கேட்டு மனசை ஆற்றிக்கொண்டார். எந்த ஊர் என்று நான் சொன்னதும் கொஞ்சம் யோசித்தார்.

"காமயகவுண்டன்பட்டியா? அப்ப வெள்ளையம்மாவத் தெரியுமே உங்களுக்கு? மேல தேயிலைத் தோட்டத்து லயத்துல இருக்கே, அந்தப் புள்ள."

ராக்கம்மா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். வெள்ளையம்மா அவளுடைய கூடப்பிறந்த அக்காள்.

"அந்தப் புள்ள வீட்டுக்காரரு காய்ச்சல்ல போயிட்டாரு அக்கா. வருசம் ஆகப் போகுது. ஊருக்குத் தெரியாதா?" என்று ராவுத்தர் எங்கள் முகங்களைப் பார்த்தார். "இன்னும் பழைய சேலையத்தான் கட்டிக்கிட்டுக் கொழுந்து பறிக்கப் போகுது. மனசு கேக்காம நான் ஒரு சேலைய எடுத்து நீட்டுனேன். வாங்க மாட்டேன்னுருச்சு. 'கோடி பெறந்த வீட்டுலருந்து வரட்டும்ணே'ன்னு சொல்லிருச்சு. லயத்துல நாலு பேரு நாலு விதமாப் பேசுறாக. நாதியத்தவன்னு."

ராக்கம்மா தலையில் கை வைத்துக்கொண்டு கடையிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

நம் பக்கத்து முறை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புருஷன் போனால் பிறந்த வீடு கோடிச் சேலை கொண்டுவந்து போட வேண்டும். அது வராதவரை அந்தப் பெண்ணுக்குப் பின்னால் யாருமில்லை என்று அர்த்தம். ராக்கம்மா போட்டால் செல்லாது. கட்டிக்கொடுத்தவள் வேறு வீட்டுக்காரி. அண்ணன் போட வேண்டும், இல்லையென்றால் அண்ணன் வீட்டுக்கு வாக்கப்பட்ட மதினி போட வேண்டும். அந்த மதினி யார்? பெருமாயி.

எல்லாரும் அவளைப் பார்த்தோம். அவள் யாரையும் பார்க்கவில்லை.

அவளுக்கும் காரணம் இருந்தது. முந்தின கதை ஊரே அறியும். வெள்ளையம்மாவின் புருஷன் மச்சானிடம், அதான் பெருமாயி புருஷனிடம், ஒரு வார்த்தை கேட்காமல் கங்காணியிடம் கைநாட்டு வைத்து, பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பலேறிவிட்டான். மச்சான் கோபக்காரர். "சொல்லாமப் போனவ எங்கூடப் பொறந்தவ இல்ல" என்று களத்துமேட்டில் வைத்துச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் வெள்ளையம்மா என்ற பெயரையே யாரும் எடுத்ததில்லை.

"மதினி, வா மதினி. ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவோம்" என்று ராக்கம்மா அவள் முழங்காலைப் பிடித்தாள்.

"நான் எப்பிடி வர? உங்கண்ணனக் கேக்காம கோடி போட்டுட்டு நான் அந்த வீட்டுல போய்ச் சோறு திங்க முடியுமா? உனக்கென்ன, நீ உன் வீட்டுக்குப் போயிருவ."

இதற்குள் மற்றவர்கள் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். சாவு, துட்டி என்று காதில் விழுந்த பிறகு கேட்காமல் தாண்டிப் போகக் கூடாது என்றது ஒரு பக்கம். கொழும்புக்கே போவோம் என்றது இன்னொரு பக்கம். அடுத்த தெருக் கிழவி ஒருத்தி, "நான் இன்னொரு தடவ கொழும்ப எங்கிட்டுப் பாக்கப் போறேன்? என்னைய மட்டும் ரயிலேத்தி விடு மயிலு, நான் கேட்டுக் கேட்டுப் போயிக்கிருவேன்" என்றாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

முத்துப்பேச்சி, இந்த மாதிரி நேரம் உனக்கும் வரும். அப்போது எல்லாரும் உன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். கையைத் தூக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்காதே, கூட்டம் உடைந்துவிடும். ராக்கம்மாவைத் தனியே அனுப்ப முடியாது. கூட்டத்தை இரண்டாகப் பிரிக்கவும் முடியாது. பிரித்த கூட்டம் கப்பலடியில் ஒன்று சேராது. நான் நினைத்துப் பார்த்தேன். கொழும்பு நாளைக்கும் இருக்கும், நாங்கள் செத்த பிறகும் இருக்கும். வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள். அந்த லயத்து வாசலில் போய் நிற்க இந்த உலகத்தில் எங்களைத் தவிர வேறு யாரும் கிடையாது.

"கொழும்பு இல்ல. எல்லாரும் தோட்டத்துக்குப் போறோம்" என்றேன்.

பெருமாயி எழுந்து நின்றுவிட்டாள். "என்னைய மாட்டி விடப் பாக்கிறியா?"

"நீ கோடி போட வேணாம். கூட்டத்தோட கூட்டமா வந்து நில்லு, போதும். ஊருல கேட்டாகன்னா மயிலுதான் இழுத்துக்கிட்டுப் போனா, கொழும்பும் காட்டலன்னு என் மேல சொல்லிரு. நான் பதில் சொல்லிக்கிறேன்."

அவள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள்.

அடுத்த சிக்கல், கதிர்காமத்து விபூதி. சாமி பிரசாதத்தோடு துட்டி வீட்டுக்குள் நுழைய முடியுமா? ராவுத்தரே சொன்னார்: "எங்கிட்ட குடுங்கக்கா. நான் தொழுகைப் பாய் வைக்கிற அலமாரியில வச்சுப் பாத்துக்கிறேன்." எல்லாருடைய விபூதிப் பைகளும் அங்கே போயின. ரயிலடிக்குப் பாதி தூரம் போன பிறகு பெருமாயி, வெற்றிலைப் பையைக் கடையில் விட்டுவிட்டேன் என்று திரும்பி ஓடினாள். மூச்சு வாங்க வந்து சேர்ந்துகொண்டாள்.

ஒரு சின்ன ரயிலடியில் இறங்கி, மலை ஏறினோம். மனுஷ உயரத்துக்குப் பாதியில் வெட்டிவிட்ட தேயிலைச் செடி, பார்க்கிற இடமெல்லாம். தோட்டத்து முகப்பில் தலைப்பாகை கட்டின கங்காணி ஒருத்தர் மறித்தார்.

"யாரும்மா நீங்கள்லாம்? தொரைகிட்ட உத்தரவு வாங்காம வெளியாளு உள்ள வரக் கூடாது."

என்ன சொல்லிக் கெஞ்சுவது என்று நான் யோசிப்பதற்குள் ராக்கம்மா தலையில் இரண்டு கையையும் வைத்து ஒப்பாரி எடுத்துவிட்டாள். அவள் தொண்டையில் அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எடுத்த குரலை நாம் விட முடியுமா? அத்தனை பேரும் தோளோடு தோள் சேர்ந்து நின்று அழுதோம். கொழும்பு பார்க்க வேண்டும் என்ற கிழவிதான் எல்லாருக்கும் மேலே.

"துட்டிக்கு வந்திருக்கோம்யா. பெறந்த வீடு" என்றேன்.

கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, "எந்த வீடு? வெள்ளையம்மாவா?" என்று கேட்டார். பிறகு அவரே முன்னால் நடந்தார்.

லயம் என்றால் ஒரே நீள ஓட்டுச் சாய்ப்பு. வரிசையாகக் கதவுகள். நம் மாட்டுத்தொழுவம் அதைவிட அகலம். சத்தம் கேட்டு எல்லாக் கதவிலும் ஆட்கள் வந்து நின்றார்கள். வேலை விட்டு மேலேயிருந்து பெண்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி, முதுகில் கூடையோடு, அப்படியே நின்றுவிட்டாள். நரைத்துப்போய், ஒட்டிப்போய். ராக்கம்மா ஓடிக் கட்டிக்கொண்ட பிறகுதான் இவள்தான் வெள்ளையம்மா என்றே எனக்குத் தெரிந்தது.

அவள் அழவில்லை. தங்கச்சி தோளுக்கு மேலே எங்களை ஒவ்வொருத்தராகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஆம்பிளை ஆள் யாரும் இல்லை.

"எங்கண்ணன் வரலையா?" என்று கேட்டாள்.

லயமே கேட்டுக்கொண்டு நின்றது. நான் வாயைத் திறப்பதற்குள் என்னைத் தள்ளிக்கொண்டு பெருமாயி முன்னால் வந்தாள்.

"அவுகதான் அனுப்பிவிட்டாக தாயி. அவுகளுக்கு இடுப்புப் பிடிப்பு, வண்டியில ஏற முடியல. நீ போயி என் தங்கச்சிக்குக் கோடி போட்டுட்டு வான்னு என்னைய அனுப்பிவிட்டாக."

சொல்லிக்கொண்டே மூட்டையை அவிழ்த்தாள். வெற்றிலைப் பைக்கு அடியில் ஒரு புதுச் சேலை. அரக்கு நிறம்.

வெள்ளைச் சேலைதானே கோடி? கூட வந்தவர்களே ஒரு மாதிரி பார்த்தார்கள். பெருமாயி அவர்களைத் திரும்பி ஒரு முறை முறைத்தாள். "என்ன பாக்கிறீக? வெள்ளையக் கட்டிக்கிட்டு இந்தச் செடிக்குள்ள, மழைக்குள்ள, அட்டைக்குள்ள எப்பிடி வேல செய்வா? கறை தாங்க வேணாம்?" பிறகு சேலையை விரித்து, நாத்தனார் தலையோடு போட்டு மூடினாள். அந்தச் சேலைக்குள்ளிருந்துதான் வெள்ளையம்மா முதல் முதலாக அழுதாள். ஒரு வருஷத்து அழுகை. லயத்துப் பெண்கள், பேசினவர்களும் பேசாதவர்களும், எல்லாரும் வந்து வட்டத்தில் சேர்ந்துகொண்டார்கள்.

துட்டி வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது அல்லவா? அதனால் அத்தனை வருஷம் கழித்துப் பார்த்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்தான் கிளம்பினோம். அவளும் வாசலுக்கு வரவில்லை. ராக்கம்மா மட்டும் வளைவு திரும்பும்வரை பார்த்துப் பார்த்து நடந்தாள். மலை இறங்கும்போது ஓடையில் தலை முழுகினோம். கண்டிக்கு வந்து விபூதிப் பைகளை வாங்கிக்கொண்டோம். ராவுத்தர் பெருமாயியை ஒரு தடவை பார்த்தார், அவள் அவரைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

அதிலிருந்து நான் எந்தக் கூட்டம் சேர்த்தாலும் முதலில் கேட்பது, "அங்கன உங்களுக்கு யாரு இருக்கா?" என்பதுதான். பிறகுதான் கோயில், பிறகுதான் கடல், கடை எல்லாம். கேட்டால்தான் சொல்லுவார்கள், கேட்காவிட்டால் மனதிலேயே வைத்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுவார்கள். மயிலாடும்பாறைக்காரி ஒருத்தி கப்பலில் பாதி தூரம் வந்த பிறகு சொன்னாள், தன் மகன் கொழும்புத் துறைமுகத்தில்தான் வேலை பார்க்கிறான் என்று. அவளுக்கு மட்டும் கொழும்பை விட்டிருந்தால் பாவமில்லையா? அதனால் கொழும்பு கூடாது என்று நான் சொன்னதாக ஊரில் சொல்லிவைக்காதே.

இன்னும் ஒன்று பாக்கி. பெருமாயி திரும்பிப் போய்த் தன் வீட்டுப் படியேற வேண்டுமே!

தேனி ரயிலடியில் இறங்கினோம். அவள் புருஷன் வில்வண்டி பூட்டிக்கொண்டு வந்து நின்றார். வாக்குக் கொடுத்தபடி பழியை வாங்கிக்கொள்ள நான் முன்னால் போனேன். "அண்ணே, ஒரு சங்கதி, நான்தான்…" என்று தொடங்கினேன். பெருமாயி என் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

அவர் சிரித்துக்கொண்டு, "என்ன, கொழும்பெல்லாம் பாத்தாச்சா?" என்று கேட்டார்.

"பாக்கல" என்றாள் பெருமாயி. அவள் குரல் அவ்வளவு சின்னதாக நான் கேட்டதே இல்லை. "உங்க தங்கச்சியப் பாத்தோம். வீட்டுக்காரரு போயி வருசமாகப் போகுது. ஒருத்தரும் வரலைன்னு ஒக்காந்திருந்தா. நீங்க குடுத்துவிட்டீகன்னு சொல்லி நான் கோடி போட்டுட்டு வந்துட்டேன். உங்களுக்கு இடுப்புப் பிடிப்புன்னு சொல்லியிருக்கேன்."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பினார். இறுக்கமாக இருந்த நுகத்துப் பூட்டாங்கயிற்றை மறுபடியும் இறுக்கினார். மாட்டின் கழுத்தைத் தடவினார். நாங்கள் மூட்டையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றோம்.

திரும்பாமலேதான் கேட்டார்.

"நான் என்ன நெறத்துல எடுத்துக் குடுத்தேன்?"

"அரக்கு" என்றாள் பெருமாயி.

"கரை இருந்துச்சா?"

"சின்னக் கரை."

"ம்" என்றார். வந்து அவள் கையிலிருந்த மூட்டையை வாங்கி…

அடியே, அது என்ன தொழுவத்துப் பக்கம் சத்தம்? போச்சு, கன்றுக்குட்டி அவிழ்த்துக்கொண்டு பால் குடிக்கிறது! சாயங்காலத்துக்கு ஒரு சொட்டுப் பால் மிஞ்சாது. ஏலே, பிடி, பிடி! இரு முத்துப்பேச்சி, கட்டிவிட்டு வருகிறேன்.